தமயந்தி மகளுக்கு ஒரு லேப்டாப்

"சொல்லுங்க மேடம்" என்று குரல் கேட்டதும் தமயந்தி தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் மேடம் யாரும் இல்லை. கண்ணாடிக் கதவும், அதற்கு அப்பால் தில்லை நகர் வெயிலில் வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களும்தான் இருந்தன. பத்தொன்பது வருஷமாக ஒரு பெண்கள் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக இருப்பவளுக்கு மேடம் என்பது தான் மற்றவர்களைக் கூப்பிடுகிற சொல். அந்தச் சொல் எதிர்த் திசையிலிருந்து வந்து தன் மேல் மோதியதில் அவளுக்குக் கொஞ்சம் தடுமாறியது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், சட்டையில் ஜாஸ்மின் என்று பெயர் குத்தியிருந்தாள். "லேப்டாப்பா மேடம்? யாருக்குப் பாக்குறீங்க, பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கக்கூடும் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. கேள்வித்தாளில் இரண்டுதான் கொடுத்திருக்கிறார்கள், இரண்டில் ஒன்றை எழுதித்தானே ஆகவேண்டும் என்பது போல "பொண்ணுக்கு" என்று தமயந்தியின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தனக்குப் பெண் இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஒரே பையன், நவநீதன், ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பையனுக்கு என்று சொல்லியிருக்கலாம், பாதியாவது உண்மையாக இருந்திருக்கும். ஆனால் இருக்கிற பிள்ளையின் பெயரில் பொய் சொன்னால் அவனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்து தொலைக்கும். இல்லாத பெண்ணுக்கு என்ன வரப்போகிறது, இருந்தால்தானே வருவதற்கு என்று அவள் உடனே மனதுக்குள் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் வியர்வையே இல்லை.

"என்ன படிக்கிறாங்க மேடம்?" பி.ஏ. வரலாறு, முதல் வருஷம். இது சத்தியமான உண்மை, தைரியமாகச் சொன்னாள். "எந்தக் காலேஜ்?" கரஸ்பாண்டன்ஸ். இதுவும் உண்மைதான். "ஏன் மேடம், ரெகுலர்ல போடலையா?" என்று ஜாஸ்மின் கேட்டபோது உண்மை கொஞ்சம் வழுக்கியது. "அவ வேலைக்குப் போறாம்மா" என்றாள். ஜாஸ்மினின் முகத்தில் ஒரு மாறுதல் வந்ததைத் தமயந்தி பார்த்தாள். சின்னப் பெண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு கடைக்கு வந்து நிற்கிற தாய் என்று அந்தக் கண் சொல்லிற்று. என்ன அநியாயம், நானா அனுப்பினேன் என்று அவளுக்குச் சுருக்கென்று வந்தது. அதோடு அந்தத் தாய் மேல் அவளுக்கே கோபமும் வந்தது. பன்னிரண்டாவதில் எண்ணூற்று எழுபத்தொன்று வாங்கியவளை ஏன் காலேஜில் போடவில்லை? மார்க் ஷீட் வந்த ஆவணியிலேயே தமயந்திக்கு மாப்பிள்ளையும் வந்துவிட்டார், அதனால். மாப்பிள்ளை ரத்தினவேல் நல்லவர்தான், அரியமங்கலத்தில் லேத் பட்டறை, இரும்புத் தூள் வாசனை, அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் கொஞ்ச நாள் பொறுத்து வந்திருக்கலாமே, மூன்று வருஷம், டிகிரி முடிகிற வரைக்கும், அவர் என்ன ரயிலுக்கா போகவேண்டியிருந்தது? "பொண்ணு பேர் என்ன மேடம்?" என்று ஜாஸ்மின் ஒரு நோட்டில் எழுதத் தயாரானாள். பெயரா, பெயர் வேறு வேண்டுமா? சாருமதி என்று வந்தது. நவநீதன் வயிற்றில் இருந்தபோது, பெண்ணாக இருந்தால் வைப்பதற்கென்று ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர். இருபத்திநாலு வருஷம் கழித்து லேப்டாப் கடையில் அது இப்படி வெளியே வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை. "சாருவுக்கு பட்ஜெட் எவ்வளவு?" என்றாள் ஜாஸ்மின். பெற்ற தாயே இன்னும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் இவள் சாரு என்று சுருக்கிவிட்டாளே. "முப்பதாயிரத்துக்குள்ள. வெயிட் கம்மியா இருக்கணும். அவ பஸ்ல வச்சுத் தூக்கிட்டுப் போவா."

கவுண்டரில் மூன்று லேப்டாப் வந்து உட்கார்ந்தன. மூன்றும் சாம்பல் நிறம், மூன்றும் வாயை மூடிக்கொண்டிருந்தன, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காரவைத்த மாதிரி. எட்டு ஜிபி, ஐந்நூத்திப் பன்னிரண்டு, இதுல சார்ஜ் ஏழு மணி நேரம் நிக்கும், இதுல விரல் ரேகை வச்சா திறக்கும், இதுல சிடி போடுற இடம் கிடையாது, இப்ப எதுலயுமே கிடையாது மேடம் என்று ஜாஸ்மின் சொல்லிக்கொண்டே போனாள். தமயந்தி தலையை ஆட்டினாள். புரியாததற்கு எந்த அளவில் தலையாட்ட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், லேபில் பழகியதுதான். அதற்குள் மனம் வேறெங்கோ போய்விட்டது. எட்டு ஜிபி என்றால் எட்டு என்ன? ஆன்லைன் வகுப்பு நிற்காமல் ஓடுமா? அதைத்தான் கேட்கவேண்டும், ஆனால் அது ஓடாமல் நின்ற கதை சொன்னால் கதை யாருடையது என்று கேட்பாளே. முதல் வகுப்பை அவள் அடுப்படியில் ஃபோனை உப்பு ஜாடி மேல் சாய்த்துவைத்துத்தான் கேட்டாள். களப்பிரர் காலத்தைப் பற்றிச் சார் பேசிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசிலடித்தது. நாற்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பு அப்படியே நின்றது. "யார் வீட்ல குக்கர்? மைக்கை அணைங்க" என்று சார் சொன்னார். எதை அணைப்பது என்று தெரியாமல் அவள் அடுப்பை அணைத்தாள். அடுத்த வகுப்பில் சோழ நாட்டு வரைபடம் காட்டினார்கள், ஃபோனில் அது ஒரு தபால்தலை அளவுக்கு இருந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து இதுதான் தஞ்சாவூர் என்று கண்டுபிடித்த நேரத்தில் ரத்தினவேல் கூப்பிட்டு "வரும்போது ஷேவிங் பிளேடு வாங்கிட்டு வரணுமா, வீட்ல இருக்கா?" என்று கேட்க, வரைபடம் போயே போய்விட்டது. கட்டுரை வேறு டைப் அடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அந்த ஆள் களப்பிரர் காலம் என்பதைக் கலப்படர் காலம் என்று பதினொரு இடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டான். அவள் அதைக் கவனிக்காமலே அனுப்பிவிட்டாள். சார் அதன் ஓரத்தில் சிவப்பு எழுத்தில், ஏதாவது புதிய ஆராய்ச்சியா என்று எழுதியிருந்தார்.

"தூக்கிப் பாருங்க மேடம்" என்று ஜாஸ்மின் ஒன்றைக் கையில் கொடுத்தாள். தமயந்தி வாங்கியதும், "ஒண்ணே முக்கால் கிலோ" என்றாள், தன்னை அறியாமல். ஜாஸ்மின் சிரித்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஏழு நாலு என்று போட்டிருந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தாள். "ஒண்ணரைக்குக் கொஞ்சம் மேல." அதுவும் சரி. மூன்றாவது, "ஒண்ணேகாலுக்கு மேல, ஒண்ணரைக்கு உள்ள. நடுவுல." ஒன்று புள்ளி மூன்று ஆறு. "எப்படி மேடம்?" என்று ஜாஸ்மின் வாயைப் பிளந்தாள். எப்படி என்று சொல்வது, உப்புப் பாட்டில் எத்தனை கிராம், அமிலப் பாட்டில் எத்தனை கிலோ என்று பத்தொன்பது வருஷமாக எடுத்து எடுத்து வைத்த கை. பிள்ளைகள் வந்து சோதனை செய்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, டிகிரி வாங்கி, கல்யாணப் பத்திரிகை கொடுத்து, பிறகு அவர்களுடைய தங்கைகளே வந்து சேர்ந்தும் ஆயிற்று. எந்தப் பாட்டிலில் எது ஊற்றினால் நீலமாகும் என்று இவளுக்குத் தெரியும், அது ஏன் நீலமாகிறது என்று கேட்கத்தான் இவளுக்கு இடமில்லை. அப்படியிருக்க கெமிஸ்ட்ரி எடுக்காமல் ஏன் வரலாறு எடுத்தாய் என்று ஒருவர் கேட்டால்? ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது. எட்டு மாதமாகப் பாடப் புத்தகங்களைச் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பரீட்சைக்குப் போன நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் காலேஜுக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமையிலயுமா ஆய்வு?" என்று ரத்தினவேல் ஒருமுறை கேட்டதோடு சரி. சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஃபெயிலானால் யாருக்கும் தெரியாமல் ஃபெயிலாகிவிடலாம் அல்லவா. தெரிந்து ஃபெயிலானால், நாற்பத்தேழு வயதில் உனக்கு இது தேவையா என்று எல்லோரும் மனதுக்குள் கேட்பார்கள், மனதுக்குள் கேட்பதைத்தான் தாங்க முடியாது. சாருமதிக்கு அந்தக் கவலையில்லை, பத்தொன்பது வயசு, ஃபெயிலானாலும் திரும்ப எழுதுவாள், தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள், ஒல்லியாக உயரமாக இருப்பாள், அப்பா ஜாடை, பஸ்ஸில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். திமிரு பிடித்தவள், அம்மா இங்கே அவளுக்காக நின்று கால் கடுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் எங்கே போனாளோ.

எடை குறைந்ததே போதும் என்று தோன்றியது. ஆனால் அதில் திரை சின்னது. ஒன்றே முக்கால் கிலோவில் எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக இருந்தது. சாருமதியின் தோளைப் பார்த்தால் சின்னது, தன் கண்ணைப் பார்த்தால் பெரியது. "சாருவுக்குக் கண்ணாடி உண்டா மேடம்?" என்று கேட்டாள் ஜாஸ்மின். உண்டு என்றாள், பிறகு இல்லை என்றாள், பிறகு, "படிக்கிறப்ப மட்டும்" என்றாள். பத்தொன்பது வயதில் படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவள் உலகத்திலேயே தன் மகளாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது. வந்தது மரகதவல்லி மேடம். கெமிஸ்ட்ரி துறைத் தலைவர். ஒரு பழைய லேப்டாப் பையைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தமயந்திக்கு முதலில் தோன்றியது குனிந்துவிடலாம் என்பதுதான். கவுண்டர் கண்ணாடியால் செய்தது, குனிந்தாலும் தெரியும். லேபில் இப்படி எதிர்பாராமல் மேடம் வந்தால் கை தானாக ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைக்கும். இப்போதும் கை ஒரு துணியைத் தேடி, கிடைக்காமல், லேப்டாப்பின் மூடியை முந்தானையால் துடைத்தது.

"தமயந்தியா? நீ எங்க இங்க? லேபைப் பூட்டினியா?" என்றார் மேடம். "பூட்டிட்டேன் மேடம், சாவி வாட்ச்மேன்கிட்ட." "கேஸ்?" "மூடிட்டேன் மேடம்." ஜாஸ்மின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், இவ்வளவு நேரம் மேடமாக இருந்தவர் எப்படி ஒரு நொடியில் மேடம் இல்லாமல் போனார் என்பது போல. பிறகு உதவி செய்கிற நினைப்பில், "இவங்க பொண்ணுக்கு லேப்டாப் பாக்க வந்திருக்காங்க மேடம்" என்றாள். மரகதவல்லி மேடம் புருவத்தைத் தூக்கினார். "உனக்கு ஏது பொண்ணு? ஒரு பையன்தானே?" தமயந்தியின் மனம் லேபில் பியூரெட் குழாயின் திருகைத் திறந்தது போலச் சொட்டுச் சொட்டாகப் பொய்களை இறக்கியது: தங்கை பொண்ணு, தங்கை கிடையாது, பக்கத்து வீட்டுப் பொண்ணு, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நான் ஏன் வாங்க வேண்டும். "அண்ணன் பொண்ணு மேடம்" என்று ஒன்று விழுந்துவிட்டது. "அப்ப சாரு உங்க பொண்ணு இல்லையா?" என்றாள் ஜாஸ்மின், ஏமாந்த குரலில். "பொண்ணு மாதிரி" என்றாள் தமயந்தி. "என்ன படிக்கிறா?" என்று மேடம் கேட்டார். கடையில் பழுது பார்க்கிறவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், ரிப்பேருக்கு வந்த மேடத்துக்கும் வேறு வேலையில்லை. "பி.ஏ. ஹிஸ்டரி மேடம். கரஸ்ல." மேடம் தன் பையைக் கவுண்டரில் வைத்தார். "கரஸ்ல ஹிஸ்டரி. அதுக்கு லேப்டாப் எதுக்கு தமயந்தி? ஃபோன்லயே ஒப்பேத்திடுவாங்க. நானும் எத்தனை பேரைப் பாத்திருக்கேன், ஆசையா சேருவாங்க, முதல் வருஷத்தோட நின்னுடுவாங்க. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அந்தக் காசுக்கு டெய்லரிங் மெஷின் வாங்கிக் குடுக்கச் சொல்லு."

சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மேடம் இதைவிடக் கடுமையாக எவ்வளவோ சொல்லியிருக்கிறார், டெஸ்ட் டியூப் உடைந்ததற்கு, டீயில் சர்க்கரை கூடியதற்கு, அதெல்லாம் தமயந்தியின் இந்தக் காதில் வாங்கி அந்தக் காது வரைக்கும்கூடப் போனதில்லை. ஆனால் இது அவளைச் சொன்னதில்லையே, சாருமதியைச் சொன்னது. விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, மாவாட்டும் சத்தத்துக்கு நடுவில் பல்லவர் வரிசையை மனப்பாடம் செய்த பெண்ணை, பஸ்ஸில் நின்றுகொண்டே கல்வெட்டுப் பாடம் படித்த பெண்ணைப் போய், நின்றுவிடுவாள் என்று எப்படிச் சொல்லலாம்? "அவ நிக்க மாட்டா மேடம்" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?" "முதல் செமஸ்டர்ல எல்லாம் பாஸ். இந்திய வரலாறுல எழுபத்தெட்டு." "சரி, அவங்க வீட்ல அப்படிச் சொல்லியிருப்பாங்க. மார்க்கைப் பாத்தியா நீ?" "பாக்கறது என்ன மேடம், பரீட்சையை எழுதினதே நான்தானே!"

மரகதவல்லி மேடத்தின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "அடிப்பாவி" என்றார் மெல்ல. "அவளுக்குப் பதிலா நீ போய் எழுதினியா? ஆள் மாறாட்டமா? தமயந்தி, நான் பதினாறு வருஷமா பரீட்சை மேற்பார்வைக்குப் போறவ. இதுக்கு போலீஸ் கேஸே போடலாம் தெரியுமா? ஹால் டிக்கெட்ல போட்டோ இருக்குமே, எப்படி உள்ள விட்டாங்க உன்னை?" ஜாஸ்மின் பயந்துபோய், விற்கிற பொருளைக் காப்பாற்றுவது போல மூன்று லேப்டாப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தமயந்திக்கு ஒரு கணம் ஜெயில் கம்பியும், கம்பிக்கு வெளியே டிபன் பாக்ஸோடு ரத்தினவேலும் தெரிந்தார்கள். அடுத்த கணம் ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது, வாயை மூடியும் அது மூக்கு வழியாக வந்தது. "போட்டோல இருக்கறதும் நான்தான் மேடம்" என்றாள். "என்னது?" "அண்ணன் பொண்ணும் இல்ல, என் பொண்ணும் இல்ல. அப்படி யாருமே இல்ல மேடம். படிக்கிறது நான். பரீட்சை எழுதினது நான். லேப்டாப் எனக்குத்தான்." சொல்லி முடித்ததும் கடை முழுக்க வெளிச்சமாக இருப்பது அவளுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் திரைகள், எல்லாவற்றிலும் ஒரே மலை, ஒரே ஏரி. போயிற்று, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிடும், இனி ஃபெயிலாவது என்றால் ஊரறியத்தான் ஆகவேண்டும். இத்தனை நேரம் பக்கத்தில் நின்ற சாருமதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அதுதான் கொஞ்சம் வலித்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எழுபத்தெட்டா?" என்றார். "ஆமா மேடம்." "நம்ம ஃபர்ஸ்ட் இயர்ல ஒருத்திகூட அறுபதைத் தாண்டல." அது பாராட்டா, தன் மாணவிகள் மேல் எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேடத்துக்கே தெரிந்திருக்காது. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். கேட்டவர், அதற்கு முன்னால் தான் சொன்ன டெய்லரிங் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது போல, பதிலுக்குக் காத்திராமல் தன் லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. தமயந்தி பழக்கத்தில் கையை நீட்டி அதை எடுத்துவிடப் போனாள். "இரு, நான் பாத்துக்கறேன். நீ வாங்க வந்ததை வாங்கு" என்றார் மேடம்.

ஜாஸ்மின் மூன்றையும் மறுபடி முன்னால் நகர்த்தினாள். "இப்ப சொல்லுங்க மேடம், உங்களுக்குன்னா எது?" மேடம் என்ற சொல்லுக்கு இந்தத் தடவை மரகதவல்லி மேடமும் சேர்ந்து திரும்பினார், பிறகு தன்னை இல்லை என்று தெரிந்து ஜிப்புக்குப் போய்விட்டார். தனக்கு என்று ஆனதும் தமயந்திக்குக் கேள்விகள் வரிசையாக வந்தன, கேட்கவும் வெட்கமாக இல்லை. தமிழில் டைப் அடிக்கலாமா? அடிக்கலாம். வகுப்பு நடக்கும்போது யாராவது ஃபோன் பண்ணினால் நிற்குமா? நிற்காது. மைக்கை எங்கே அணைப்பது? ஜாஸ்மின் காட்டினாள், அவள் நான்கு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எட்டு ஜிபி என்றால் எட்டு என்ன? ஜாஸ்மின் யோசித்துவிட்டு, "அடுப்படி மேடை மாதிரி மேடம். பெருசா இருந்தா ஒரே நேரத்துல நாலு வேலைக்குச் சாமான் பரப்பிக்கலாம்" என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. சின்னத் திரையில் எழுத்துத் தெரியவில்லையே என்றதற்கு இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினாள். எழுத்து பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று, சோழ நாட்டை இப்படிப் பரப்பினால் காவிரியின் கிளைகளை எல்லாம் விரல் வைத்து எண்ணலாம். "இதையே குடும்மா" என்று ஒன்று புள்ளி மூன்று ஆறைத் தொட்டுக் காட்டினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது ரத்தினவேல் கூப்பிட்டார். பையை இரண்டு கால்களுக்கு நடுவில் வைக்கப் பார்த்து, தரையில் வைக்க மனம் வராமல், மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்தாள். "எங்க இருக்க? சாம்பார் எதுல இருக்கு?" என்றார் அவர். "மூடி போட்ட குண்டான்ல இருக்கு. இங்க பாருங்க, இன்னையிலேர்ந்து எட்டு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் டிவி போடக்கூடாதுங்க." அந்தப் பக்கம் மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. "ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குப் படிக்க இருக்கு." பஸ் ஒன்று வந்து, அது ஸ்ரீரங்கம் பஸ் என்பதால் போயிற்று. எழுபத்தெட்டைச் சொல்லலாமா, ஞாயிற்றுக்கிழமை ஆய்வுகளைச் சொல்லலாமா, எதிலிருந்து தொடங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "சவுண்டை மட்டும் கம்மி பண்ணி வச்சுக்கட்டுமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"அணைச்சிடணுங்க" என்றாள் தமயந்தி.